பொய் வரவு எழுதாதீர்கள்

எனக்குச் சர்க்கரை வந்தது 1981-ல், 11 வயசில். வயசானபின் வருகிற சர்க்கரை இல்லை, டைப் 1. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர்க் குடத்தை விட்டு நகரமாட்டேன். பாவாடை இடுப்பில் நிற்காது. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் டாக்டர். "பொம்பளப் பிள்ளைக்கா?" என்று அப்பத்தா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது காரைக்குடியில், புதிதாக ஊசி தொடங்கிய பிள்ளைகளின் ஆத்தாமார் என்னிடம் வந்து, "எப்படி ஆச்சி சிரிச்ச முகமா இருக்கீக?" என்கிறார்கள். நான் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். பேரேடு எங்களுக்குப் புதுசில்லை.

நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். தலையில் பிள்ளையார் சுழி, நடுவில் ஒரு கோடு. பற்றுப் பக்கத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு, ஊசி எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டோம். வரவுப் பக்கத்தில், அன்று உங்களுக்குக் கிடைத்த ஒன்று. "எல்லாம் அவன் அருள்" என்று எழுதிவிட்டு நோட்டை மூடக்கூடாது. ஆளோ பொருளோ இருக்க வேண்டும். என் நோட்டில் ஒரு நாள்: "தேவகோட்டை பஸ்ஸில் சர்க்கரை இறங்கிக் கை நடுக்கம். பக்கத்து சீட்டுப் பையன் பாதி குடித்த மாம்பழ ஜூஸைக் கொடுத்தான்."

ஒன்றும் தோன்றாத நாளில் காலியாக விடுங்கள். பொய் வரவு எழுதினால் ஐந்தொகை, அதாவது முடிவுக் கணக்கு, இடிக்கும். ஒரு சித்திரை உச்சி வெயிலில் வற்றல் அள்ள வெறுங்காலோடு முற்றத்துக் கல்லில் நின்றேன். சுட்டதே தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்திருக்கிறது. ராத்திரி கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் பட்டது. ஆற ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வரவுப் பக்கம் வெள்ளைத்தாள். அழுதேன், எல்லாரையும் ஏசினேன். அதையும் எழுதியிருக்கிறேன், பற்றில். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்பு. ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

முதல் வரவு என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கனடாவின் டொராண்டோ. 1922 ஜனவரியில் அங்கே லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளையைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளினார்கள். மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். வட்டிக்கணக்கிலேயே வளர்ந்த எங்கள் அப்பச்சி (அப்பா) இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை.

மருந்தை மதிக்கிற விதமும் இருக்கிறது. பிரிக்காத பாட்டில் குளிர்பெட்டியில், ஆனால் ஐஸ் அறையில் இல்லை. ஒருமுறை உறைந்தால் குப்பைதான். எங்கள் வீட்டில் குளிர்பெட்டி இல்லாத காலத்தில், ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் சின்னக் கலயம், அதற்குள் பாட்டில். இரண்டாங்கட்டின் இருட்டு மூலையில் இருக்கும். மணல் காயாமல் பார்ப்பது ஆத்தாவின் வேலை. பிரயாணத்துக்கு இன்றைக்கும் அந்த யுக்தி கைகொடுக்கிறது. ஊசி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்: 40 போட்ட பாட்டிலுக்கு 40 ஊசி, 100-க்கு 100. மாற்றிப் போட்டால் அளவே மாறிவிடும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். கந்தரப்பத்தை எடுத்துத் திணிக்காதீர்கள், எண்ணெய்ப் பலகாரத்தில் சீனி மெதுவாகத்தான் ரத்தத்துக்கு ஏறும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

விசேஷ வீட்டைத் தவிர்க்காதீர்கள். ஒதுங்கினால் வரவு வர வழியில்லை. எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பில் 21 இழைத் திரியை இனிப்பு மாவில் வைத்துச் சுடரோடு வாயில் போட வேண்டும். அப்பச்சி எனக்கு மட்டும் மாவைச் சுண்டைக்காய் அளவு பிடிப்பார். திரியில் ஓர் இழை குறையாது. இப்போது தம்பி பிடிக்கிறான். போன மார்கழியில் பேச்சு மும்முரத்தில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. பற்றில் ஒரு யூனிட் கூட்டி எழுதினேன். வரவில், "தம்பி பிடித்த மாவு."