பழைய டீப்பாய்க்கு சாக் பெயிண்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

பரணில் கிடக்கும் டீப்பாயைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கும் முன் ஒரு முறை தட்டிப் பாருங்கள். கால்கள் உறுதியாக இருந்து, பாலிஷ் மட்டும் போயிருந்தால் அதை நிச்சயம் மீட்டுவிடலாம். அதற்குச் சுலபமான வழி சாக் பெயிண்ட். பிரிட்டனைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் உருவாக்கிய இந்த வகைப் பெயிண்ட் பளபளக்காது, மாவு பூசியது போன்ற மங்கலான அழகு கொண்டது. பழைய பாலிஷை முழுதாகச் சுரண்டி எடுக்காமலே மேலே பிடித்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள்: தாத்தா காலத்துத் தேக்கு, ஈட்டி மரச் சாமான்கள், அதிலும் செதுக்கு வேலை உள்ளவற்றின் மேல் இதைப் பூசாதீர்கள். அவற்றுக்கு நல்ல பாலிஷ் போதும். ரப்பர் மரம், மாமரம், பிளைவுட் சாமான்கள்தான் இதற்கு ஏற்றவை.

1. சோதனை
டீப்பாயைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. முதலில் பூச்சிமருந்து அடித்துச் சரிசெய்யுங்கள். ஆடும் காலுக்கு ஃபெவிகால் விட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஆணி ஓட்டைகளை மரப் புட்டியால் அடைக்கலாம்.

ஏற்கெனவே எனாமல் பெயிண்ட் அடித்த பழைய சாமான் என்றால் கவனம். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் நனைத்து, வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

2. சுத்தம்
பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த தண்ணீரால் துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். உப்புத்தாளால் (180 அல்லது 220 எண்) லேசாக ஒரு தேய்ப்பு. சன்மைக்கா ஒட்டிய பரப்பாக இருந்தால், பளபளப்பு போகும்வரை நன்றாகவே தேயுங்கள்.

சிவப்பான மரமோ, அடர்ந்த பாலிஷோ இருந்தால் வெள்ளைப் பெயிண்டின் வழியே மஞ்சள் கறை கசிந்து வரும். பெயிண்டில் உள்ள தண்ணீர் மரத்தின் சாயத்தைக் கரைத்து மேலே இழுப்பதால் வருவது அது. எத்தனை கோட் அடித்தாலும் போகாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷை முன்னாலேயே ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் கறை அங்கேயே நின்றுவிடும்.

3. பெயிண்ட் கலத்தல்
ரெடிமேட் டப்பா கிடைக்கிறது. வீட்டிலும் கலக்கலாம்: மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாத சுவர்ப் பெயிண்ட்) மூன்று பங்கு, சாக் பவுடர் அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஏறக்குறைய ஒரு பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்த பிறகே பெயிண்டை ஊற்றுங்கள். தோசை மாவை விடச் சற்றே இளக்கமாக இருக்கட்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் திப்பி நிற்காது. நிறம் வேண்டுமானால் பெயிண்ட் கடையில் விற்கும் ஸ்டெய்னரைச் சில சொட்டு விடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்தது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு சாக் பவுடர்தான் என் பரிந்துரை.

4. பூசுதல்
வெயிலிலோ மின்விசிறிக்கு நேர் கீழோ வேண்டாம். பிரஷ்ஷில் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து வரிவரியாக இழுக்கும். முதலில் கால்கள், கடைசியில் மேற்பலகை. பிரஷ்ஷின் நுனியில் மட்டும் பெயிண்டை எடுத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நீளமாக இழுங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள்.

முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பயந்து தடிமனாக அப்பினால் பின்னால் வெடிப்பு விடும். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் கூடுதல் நேரம் ஆகும். பிறகு 220 உப்புத்தாளால் மெல்லத் தடவி, தூசியைத் துடைத்து, இரண்டாவது கோட்.

பழமைத் தோற்றம் பிடித்தவர்கள் கை அடிக்கடி படும் விளிம்புகளில் மட்டும் தேய்த்து மரத்தை எட்டிப்பார்க்க வைக்கலாம்.

5. மேல்பூச்சு
சாக் பெயிண்டுக்கு நுண்துளை அதிகம், தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பொதுவாக மெழுகு தடவச் சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருகத் தொடங்கும், நம் வீட்டில் டீப்பாய் மேல் வைப்பதோ கொதிக்கக் கொதிக்க காபி டம்ளர். ஆகவே கால்களுக்கு மெழுகு, மேற்பலகைக்குத் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் கிளியர் கோட் இரண்டு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெழுகு பட்ட இடத்தில் கிளியர் கோட் ஒட்டாது, எனவே மேற்பலகையை முதலில் முடியுங்கள்.

மெழுகைத் துணியில் மிகக் குறைவாக எடுத்து வட்டமாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். அது முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை மேலே கனமான பொருள் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்.

மீந்த கலவையைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைத்துவிடும். பழைய செய்தித்தாளில் கொட்டிக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.