மண்டை ஓட்டின் முப்பரிமாணப் படம்: அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தை அடுத்த ஓடையிலோ சோலைக்குள்ளோ ஒரு மண்டை ஓடு கிடைத்தால், அது யாருடையது என்று கண்டறிய இன்று சி.டி. ஸ்கேனும் முப்பரிமாண ஸ்கேனரும் உதவுகின்றன. ஆனால் திரையில் சுழலும் படம் அழகாக இருப்பதாலேயே அது சரியாகவும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். பிழைகளில் பல, ஓடு மேசைக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகின்றன.

ஈரமண் அப்பிய மண்டை ஓட்டைக் குழாயடியில் கழுவி வெயிலில் வைப்பது அவற்றுள் ஒன்று. ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள் சதை அழுகியதும் எளிதில் கழன்று மண்ணோடு போய்விடும் என்பதால், அந்த மண்ணைச் சலித்தே ஆக வேண்டும். நனைந்த எலும்பு வேகமாக உலர்ந்தால் வெடித்து வளையும். பிறகு எந்த ஸ்கேனரும் பழைய அளவைத் திருப்பித் தராது. நிழலில், மெல்ல உலர்த்த வேண்டும்.

மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்க்கப்படும் 5 மி.மீ. தடிமனுள்ள சி.டி. படலங்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) இதற்குப் போதா, 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியவை தேவை. இல்லையெனில் கண்குழியின் மெல்லிய சுவரில் இல்லாத ஓட்டைகள் தோன்றும். மென்பொருளில் மேற்பரப்பை மழுமழுவென்று ஆக்கும் வசதியும் ஆபத்தானது: முள்ளம்பன்றி கொறித்த இணைகோட்டுப் பள்ளங்களையும் கத்திக் கீறலையும் பிரித்தறிய உதவும் நுண்தடங்களை அது அழித்துவிடும்.

மேற்பரப்பை மட்டும் படம் பிடிக்கும் ஸ்கேனரால் நெற்றி எலும்புக்குள் உள்ள சைனஸ் எனும் காற்றறைகளைக் காட்ட முடியாது. அவற்றின் வடிவம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால், 1920-களிலிருந்தே அவை அடையாளம் காணப் பயன்பட்டு வருகின்றன. ஆகவே குடும்பத்தாரிடம் புகைப்படத்தை மட்டும் கேட்டுவிட்டு நிற்பது, என் பார்வையில், இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு. எப்போதோ தலைவலிக்காக ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ எடுத்த, இந்த அறைகள் தெரியும் எக்ஸ்ரே பீரோவுக்குள் கிடக்கலாம். கிடைத்தால், அது எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டதோ அதே சாய்வில் முப்பரிமாணப் படத்தைத் திருப்பி ஒப்பிட வேண்டும். சிறுவயதில் எடுத்த படத்தை வளர்ந்தவரின் ஓட்டோடு ஒப்பிடக் கூடாது. அந்த அறைகள் ஏறத்தாழ இருபது வயது வரை வளர்கின்றன.

முகப்படத்தின் மீது மண்டை ஓட்டின் படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை 1935-இல் பிரிட்டனில் ரக்ஸ்டன் கொலை வழக்கில் புகழ்பெற்றது. அன்று செல்ஃபி கிடையாது. கைநீட்டும் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும். சில போன்களில் இடமும் வலமும் மாறியிருக்கும். கீழ்த்தாடையை எலும்போடு எலும்பாக ஒட்டிவைத்தால், உயிரோடிருந்தபோது மூட்டில் இருந்த குருத்துத் தட்டின் இடைவெளி காணாமற்போய் முகத்தின் நீளம் குறையும். இம்முறையால் ‘இவர் அல்லர்’ என்று உறுதியாகச் சொல்லலாம். ‘இவராக இருக்கலாம்’ என்பதைத் தாண்டிப் போவது பிழை. காணாமற்போன ஒரே ஒருவரின் படத்தைக் கொடுத்து ‘பொருந்துகிறதா?’ என்று கேட்பதும் ஆய்வாளரின் கண்ணைச் சாய்த்துவிடும்; பலருடைய படங்களைக் கலந்து தருவதே முறை.

ஓட்டின் அளவுகளிலிருந்து வம்சாவளியை ஊகிக்கும், பிறநாட்டு எலும்புத் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளின் விடையை வைத்து, தோடர், கோத்தர், படுகர், இருளர், இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் எனப் பலர் வாழும் இம்மலையில், இறந்தவரின் சமூகத்தை அறிக்கையில் எழுதவே கூடாது. ஆணா பெண்ணா என்பதற்கும், இடுப்பெலும்பு கிடைத்தால் அதையே முதலில் நம்ப வேண்டும்.

டி.என்.ஏ. சோதனைக்காகப் பல்லையோ காதருகே உள்ள கெட்டி எலும்பையோ எடுப்பது ஸ்கேனுக்குப் பிறகே. வரிசை மாறினால், பல் மருத்துவரின் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டிய பல்லே முப்பரிமாணப் படத்தில் இருக்காது.