இங்கிலாந்தின் காட்டுப் பாதைகளில் கிராவல் சைக்கிள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கிராவல் சைக்கிளுக்குப் பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும், அதைவிடத் தடித்த டயரும் இருக்கும். தார்ச்சாலையிலும் வேகமாகப் போகும், சரளைக்கல் பாதையிலும் தடுமாறாது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்றே நான் சொல்வேன். காரில் போனால் சாலையோரத்து உயிர்வேலிகள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். நடந்து போனால் ஒரு நாளில் ஒன்றிரண்டு கிராமங்களைத்தான் பார்க்க முடியும்.

ஆனால் கண்ணில் பட்ட மண்பாதையில் எல்லாம் இறங்கிவிடக் கூடாது. வயல், காடு, பண்ணை எதுவானாலும் அங்கே பொதுப்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவற்றில் பெரும்பாலானவை நடப்பவர்களுக்கு மட்டும்தான். எந்தப் பாதையில் நமக்கு உரிமை உண்டு என்று தெரிந்துகொள்வதுதான் இதில் பாதி வேலை. அதனால் வண்டியைப் பற்றிப் பேசும் முன் வரைபடத்தைப் பார்த்துவிடுவோம்.

படி 1: பாதையின் வகையைப் படியுங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 'எக்ஸ்புளோரர்' வரைபடத்தை வாங்குங்கள், அல்லது அவர்களுடைய ஆப்பில் திறந்துகொள்ளுங்கள். அளவு 1:25,000. அதில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகப் போவது ஃபுட்பாத், அதாவது நடப்பவர்களுக்கான பாதை. அதில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. பச்சையிலேயே நீளநீளக் கோடுகளாகப் போவது பிரைடில்வே, அதாவது குதிரையில் போகிறவர்களுக்கான பாதை. 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் இதில் சைக்கிளையும் அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். இவை தவிர பைவே (மோட்டார் வண்டிகளும் போகலாம்), ரெஸ்ட்ரிக்டட் பைவே (மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை) என்று இரண்டு வகைகள் உண்டு. இரண்டிலும் சைக்கிள் போகலாம்.

வழியில் உள்ள கம்பங்களிலும் கேட்டுகளிலும் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே. ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு பைவே. முதல் நாளில் இந்த நான்கு நிறமும் மனதில் பதிந்தால் போதும்.

படி 2: முதல் பயணத்துக்கு நியூ ஃபாரஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள்

தெற்கு இங்கிலாந்தில் சவுத்ஹாம்ப்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது நியூ ஃபாரஸ்ட். பெயரில்தான் 'நியூ'. 1079இல் முதலாம் வில்லியம் மன்னன் வேட்டைக்காக ஒதுக்கிக்கொண்ட காடு இது. 2005இல் தேசியப் பூங்கா ஆனது.

புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் பாதைகள். முதல் உலகப் போரில் மரத்தட்டுப்பாடு வந்ததால் 1919இல் வனத்துறை ஆணையம் அமைந்தது. சில ஆண்டுகளில் இந்தக் காடும் அதன் கைக்கு வந்தது. மரம் ஏற்றிப் போகும் வண்டிகளுக்காக இங்கே கெட்டியான சரளைப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். நாம் சைக்கிள் ஓட்டுவது அவற்றில்தான். பெரிய ஏற்றம் கிடையாது, மழை பெய்தாலும் சக்கரம் புதையாது. அனுமதிக்கப்பட்ட சைக்கிள் பாதைகள் மட்டும் 100 மைலுக்கும் மேல்.

இங்கே ஒரு தனி விதி உண்டு. காட்டுக்குள் அந்த அனுமதிக்கப்பட்ட பாதைகளில் மட்டும்தான் ஓட்டலாம். சந்திப்புகளில் எண் போட்ட குட்டையான மரக்கம்பங்கள் நிற்கும். சைக்கிள் வரைபடத்தில் அதே எண்கள் இருப்பதால் வழி பிடிப்பது எளிது. குறுக்குவழி என்று புல்வெளியில் இறங்காதீர்கள். வசந்தத்திலும் கோடையிலும் தரையில் கூடு கட்டும் பறவைகள் அங்கே முட்டையிட்டிருக்கும்.

படி 3: வண்டியைத் தயார் செய்யுங்கள்

டயர் 38 முதல் 45 மி.மீ. வரை இருந்தால் நல்லது. காற்றை அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். 40 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவருக்கு, ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) என்றால் 30–35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ட்யூப் இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கல்லில் ஏறும்போது ட்யூப் நசுங்கி பங்க்சர் ஆகும். கிராவல் சைக்கிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தடித்த டயர் உள்ள சாதாரண சைக்கிளே இந்தப் பாதைகளுக்குத் தாங்கும். பிராக்கன்ஹர்ஸ்ட் ஊரில் வாடகைக்கும் கிடைக்கும்.

உபரி ட்யூப், பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல், மழைக்கோட்டு, தண்ணீர், விளக்கு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை விட்டுவிடாதீர்கள்: டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள்.

படி 4: பாதையில் இறங்குங்கள்

லண்டன் வாட்டர்லூவிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்டுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். வார நாட்களின் நெரிசல் நேரத்தில் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஊரைத் தாண்டி வடமேற்கே ஆல்ட்ரிட்ஜ் ஹில் பக்கம் போனால் சரளைப் பாதை தொடங்கிவிடும். அது பிளாக்வாட்டர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இங்கே வண்டியைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நடங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நட்ட டக்ளஸ் ஃபிர், செக்கோயா என்ற ஊசியிலை மரங்கள் இருபுறமும் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் மிக அழகான இடம் இதுதான், அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஏ35 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். கார்கள் வேகமாக வரும், இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது. கடந்ததும் நைட்வுட் ஓக் என்ற பல நூற்றாண்டு வயதான மரம். அதற்கும் மேலே போனால் போல்டர்வுட். அங்கே மான்களைப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே திரும்பி பர்லி கிராமம். சாப்பாட்டுக்கு இங்கே நிறுத்துங்கள். தேநீர்க்கடைகள் உண்டு. பர்லியிலிருந்து திரும்புகையில் பழைய ரயில் தடத்தில் கொஞ்ச தூரம் ஓட்டலாம். 1847இல் திறந்து 1964இல் மூடிய பாதை அது. இப்போது தண்டவாளம் இல்லை. ஹோம்ஸ்லியில் இருந்த பழைய ஸ்டேஷனே தேநீர்க்கடை ஆகிவிட்டது. மொத்தச் சுற்றும் 30 கிலோமீட்டர் அளவில் வரும். நிதானமாக, நின்று நின்று போனால் ஒரு முழு நாள்.

படி 5: காட்டின் மரியாதையைக் காப்பாற்றுங்கள்

காட்டில் குதிரைகளும் மாடுகளும் அவிழ்த்துவிட்டபடி மேயும். பார்க்கக் காட்டுக்குதிரை போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. பரம்பரையாக மேய்ச்சல் உரிமை உள்ள குடும்பங்கள் அவற்றை வளர்க்கின்றன. எதற்கும் தீனி போடாதீர்கள், அது தடை செய்யப்பட்டிருக்கிறது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்து போகவே கூடாது.

இலையுதிர் காலத்தில் போனால் பன்றிகளையும் பார்க்கலாம். ஓக் கொட்டைகள் பச்சையாக இருக்கும்போது குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு. பன்றிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் கொட்டைகளைத் தின்று தீர்க்கப் பன்றிகளைக் காட்டுக்குள் விடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கம் இது. வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள், அவை பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

குதிரையில் யாராவது போனால் தூரத்திலிருந்தே "ஹலோ" என்று குரல் கொடுங்கள். திடீரென்று மணி அடித்தால் குதிரை மிரளும். அவர்கள் சரி என்றதும் மெதுவாக, இடைவெளி விட்டுத் தாண்டுங்கள். கேட்டுகளைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். மூடாவிட்டால் உள்ளே வளரும் இளம் மரங்களை மாடுகள் மேய்ந்துவிடும்.

வீடு திரும்பியதும் கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாவற்றையும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றால் லைம் நோய் பரவலாம். உண்ணி இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு வட்டமாகத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து எங்கே?

இது பிடித்துவிட்டால் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதைப் பக்கம் போங்கள். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கி.மீ., முழுவதும் சைக்கிளில் போகலாம். ரிட்ஜ்வே என்ற இன்னொரு நெடும்பாதை அப்படியல்ல. மேற்குப் பாதியில், தேம்ஸ் கரையிலுள்ள ஸ்ட்ரீட்லி வரை ஓட்டலாம். அதற்குக் கிழக்கே பல இடங்களில் ஃபுட்பாத் ஆகிவிடும், வரைபடத்தைப் பார்த்து வேறு வழி பிடிக்க வேண்டும். இரண்டும் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் போகும் பாதைகள். நனைந்த சுண்ணாம்பு சோப்பாக வழுக்கும், மண்ணில் கிடக்கும் கூரான சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கிழிக்கும். நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு போனால் நிம்மதியாக ஓட்டலாம்.