மெர்லயனுக்கு எதிரே இருப்பது கடல் அல்ல

கடலைப் பற்றிய என் முதல் புகைப்படத் தொடரைப் பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். இருபது படங்கள், அவற்றில் பாதிக்குமேல் சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலை. ரஜுலா கப்பலில் அறையில்லாமல் மேல்தளத்திலேயே தங்கும் டெக் பயணியாகச் சிங்கப்பூர் வந்தவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதில் கடல் எங்கேடா இருக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். 2008இல் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, மெர்லயனுக்கு எதிரே இருக்கும் மரீனா பே நீர்த்தேக்கமாகிவிட்டது. சிங்கத்தின் வாயிலிருந்து கொட்டும் நீர் இன்று நன்னீரில்தான் விழுகிறது. 'கடலைப் பார்த்து நிற்கும் காவல் தெய்வம்' என்று படக்குறிப்பு எழுதிவிடாதீர்கள். அது தெய்வமும் அல்ல. 1964இல் சுற்றுலா வாரியத்துக்காக ஃபிரேசர் புரூனர் வரைந்த சின்னம். 1972இல் சிலையானது, 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்ந்தது. பழங்கதையின் வேடம் போட்ட விளம்பரம் என்பதே அதன் சுவை. தாட்சு நிஷி என்ற ஜப்பானியக் கலைஞருக்கு அது புரிந்திருந்தது. 2011 சிங்கப்பூர் பினாலே கலைவிழாவின்போது சிலையைச் சுற்றி ஓர் ஓட்டல் அறையையே கட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் சிங்கத்தலை நிற்கும்படி செய்தார். நாமோ இன்னும் அதே படிக்கட்டில் நின்று அதே கோணத்தில் எடுக்கிறோம்.

மெய்யான கடற்கதை வேண்டுமென்றால் சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா. சவரம் செய்துகொண்டிருந்த நாகூர் ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது நடுக்கடலில் ஒரு கப்பலின் ஓட்டையைப் போய் அடைத்தது என்பார்கள். அவரை வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள் இங்கே கரையிறங்கினார்கள். அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்தபின் கரை தள்ளிப்போய்விட்டது. இங்கே பலரும் செய்யும் தவறு, மினாராக்களை மட்டும் வானத்தோடு வெட்டியெடுப்பது. பின்னால் நிற்கும் அலுவலகக் கோபுரங்கள் இடைஞ்சலாகத் தெரியும்தான். ஆனால் கடல் இருந்த இடத்தில் என்ன வந்தது என்பதைச் சொல்பவை அவைதாம்.

கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் கடலைப் பால்போல ஆக்குவதும் வேண்டாம். படகு கிழித்த கோடும் எண்ணெய்ப் படலமும் மறைந்து, எந்த ஊர்க் கடல் என்றே தெரியாமல் போகும்.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கரையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஊழியரை முதுகுப்பக்கமாக எடுத்து, 'ஏக்கம்' என்று தலைப்பிடுவது. நானும் எடுத்தேன். பிறகு அவரிடம் போய்ப் பேசியபோது, நங்கூரமிட்டிருந்த கப்பல்களைச் சும்மா எண்ணிக்கொண்டிருந்ததாகச் சிரித்தார். வந்தது விமானத்தில். கடலுக்கும் அவர் பயணத்துக்கும் தொடர்பே இல்லை. அந்த ஏக்கம் என்னுடையது. முதலில் பேசுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

குடும்பப் பொருள்களை எடுக்கும்போதும் அழகான பக்கத்தையே தேடுகிறோம். பெரியப்பாவின் தகரப்பெட்டியை மூடியிலிருந்த பூ வேலைப்பாடு தெரியும்படி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். டெக்கில் தேங்கிய உப்புத்தண்ணீர் அடித்தகட்டை ஓர் ஓரமாக அரித்து, துருவால் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டிருந்தது.