மூளை உறை அழற்சியை அடையாளம் காண்பது எப்படி?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. அந்த உறைகளிலும் அவற்றுக்கிடையே ஓடும் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் கிருமி புகுந்து அழற்சி உண்டாவதையே மூளை உறை அழற்சி என்கிறோம். பேச்சு வழக்கில் இதையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மூளைத் திசுவே பாதிக்கப்படும் நோய் வேறு. சில நேரங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இந்த நோய் என்று பலர் எண்ணிக் காத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் ஆபத்தானது. பாக்டீரியாவால் நோயுற்ற பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இம்மூன்றும் ஒருசேரத் தோன்றுவதில்லை. ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்கு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு பெரும்பாலோரிடம் காணப்படும். ஆகவே கடுமையான தலைவலியுடன் காய்ச்சல் இருந்து, நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, கேட்டதற்குப் பொருத்தமின்றிப் பதில் சொன்னாலோ, வலிப்பு வந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாந்தியும் வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசுவதும் ஐயத்தை வலுப்படுத்தும்.

கழுத்து விறைப்பைத் தசைப்பிடிப்பிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. தசைப்பிடிப்பில் பக்கவாட்டில் திரும்புவதே பெரும்பாலும் வலிக்கும். உறை அழற்சியிலோ முகவாய் மார்பைத் தொடும்படி தலையை முன்னால் குனிவதுதான் முடியாமற்போகும். இருந்தாலும் கழுத்து எளிதாகக் குனிகிறது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கைக்குழந்தைகளிடம் இந்த விறைப்பு பெரும்பாலும் தென்படாது. பால் குடிக்க மறுப்பது, உடல் துவண்டு போவது, தூக்கினால் இன்னும் வீறிட்டு அழுவது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவற்றையே அவர்களிடம் கவனிக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்ந்தும் போகலாம்.

தோலில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றினால் ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை அவற்றின் மீது அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மறையாவிட்டால், மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கக்கூடும். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கருமையான தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது.

மருத்துவமனையில் நோயை உறுதிசெய்யும் சோதனை, கீழ்முதுகில் ஊசி செலுத்தித் திரவம் எடுப்பதாகும். இதைக் கேட்டதும் பலர் அஞ்சி மறுத்துவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கிடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ செல்கிறது. சில நாட்கள் தலைவலி இருக்கலாம். எடுத்த திரவம் கலங்கியிருந்து, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியாவை ஐயுறுவார்கள். லிம்ஃபோசைட் என்னும் வேறுவகை வெள்ளணுக்கள் மிகுந்து சர்க்கரை இயல்பாக இருந்தால் பெரும்பாலும் வைரஸ். லிம்ஃபோசைட்டுகளோடு சர்க்கரையும் குறைந்திருந்தால் காசநோயையும் பூஞ்சையையும் தேடுவார்கள். மூளையில் அழுத்தம் கூடியதற்கான அடையாளம் இருந்தால் மட்டும் முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எந்தச் சோதனைக்காகவும் ஆன்டிபயாடிக் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இரத்த மாதிரி எடுத்தவுடன் அதைத் தொடங்கிவிடுவதே முறை. முன்பே ஏதேனும் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கியிருந்தால் கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வெளிப்படாமற்போகலாம் என்பதால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காரணங்களில் அடிக்கடி காணப்படுவது வைரஸ், குறிப்பாக என்டெரோவைரஸ். இது பெரும்பாலோருக்கு ஒரு வாரம் பத்து நாட்களில் தானாகவே குணமாகும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களால் வருவதோ சில மணி நேரத்திலேயே முற்றக்கூடியது. ஆறில் ஒருவர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பச்சிளங்குழந்தைகளுக்குப் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும், கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் லிஸ்டீரியாவும் கூடுதல் அச்சுறுத்தல். காசநோயால் வருவது வாரக்கணக்கில் மெல்ல வளரும் என்பதால் பலமுறை சாதாரணத் தலைவலியாகவே கருதப்பட்டுவிடுகிறது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி வகை பாக்டீரியா) ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. மெனிங்கோகாக்கஸ் உறுதியானால், நோயாளியுடன் நெருங்கியிருந்தவர்களும் மருத்துவர் தரும் தடுப்பு மருந்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். பிழைத்தவர்களுக்குச் செவித்திறன் குறைவது அடிக்கடி நேர்வதால், வீடு திரும்பிய நான்கு வாரங்களுக்குள் காதுகளைச் சோதித்துவிட வேண்டும்.