‘மக்கள் விசனம்’ என்று செய்தி வந்த பிறகு என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் வீதி உடைந்தாலும், வாய்க்கால் தூர்ந்தாலும், வீட்டுத்திட்டத்தின் கடைசிக் கட்டக் காசு வராமல் நின்றாலும் நடப்பது ஒன்றுதான். யாராவது போனில் படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவார்கள், ஊர் வட்ஸ்அப் குழுவில் நாலு பேர் கோபப்படுவார்கள், ஒரு செய்தியாளரைக் கூப்பிடுவார்கள், மறுநாள் பேப்பரின் ஒரு மூலையில் ‘மக்கள் விசனம்’ என்று வரும். அதோடு சரி.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கன வருடமாகச் செய்தி எழுதுகிறேன். அந்த மாதிரி விசனச் செய்திகள் நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவற்றில் உண்மையில் வேலை நடந்தவை எவை என்று யோசித்துப் பார்த்தால், ஊர்ச்சனத்தின் கையில் ஒரு கடதாசி இருந்த செய்திகளும், இரண்டாவது தடவை திரும்பி வந்த செய்திகளும்தான். இதை வாசிக்கிற நீங்கள் ஊரில் ஏதாவது கேட்க நினைத்திருந்தால் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

ஒரு வீதியைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். கிரவல் போட்டு ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. முதல் தடவை நான் எழுதியது ‘வீதி சேதம், மாணவர்கள் அவதி’. பொறுப்பானவர்களிடம் கேட்டால் ‘மழை கூடிப்போச்சு, என்ன செய்யிறது’ என்றார்கள். அந்த ஊர் மாதர் சங்கத்தில் இருக்கிற ஒரு அக்கா மட்டும் அந்தப் பதிலோடு விடவில்லை. வேலையின் மதிப்பீட்டுப் பிரதியைக் கேட்டு எடுத்தார். இறுக்கிய பிறகு கிரவலின் கனம் 15 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவருடைய மகனின் பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய், அலவாங்கால் ஓரத்தில் கிண்டி ஐந்து இடத்தில் அளந்தோம். ஒரு இடத்திலும் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. ஓரிடத்தில் கிரவலுக்குக் கீழே பழைய புல் அப்படியே மஞ்சளாகக் கிடந்தது, செருக்காமலே மேலே கொட்டியிருக்கிறார்கள். அடிமட்டம் தெரிகிற அந்தப் படமும், மதிப்பீட்டின் அந்த ஒரு வரியும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகு மழையைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. மூன்று கிழமையில் மெஷின் வந்தது.

அந்தக் கடதாசியை எடுப்பது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, யாராவது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ‘உங்களுக்கு எதுக்கு இது’ என்று கேட்டாலும் தேவையில்லை. எழுத முடியாத அம்மா ஐயா வாயால் சொன்னால் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர்தான் அதை எழுத்தில் எடுக்க வேண்டும். பிரதேச சபை, பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அரசாங்கக் காசிலோ வெளிநாட்டு அரசுகளின் காசிலோ பெரும்பாலும் இயங்கி மக்களுக்குச் சேவை செய்கிற அரசசார்பற்ற நிறுவனங்களிடமும் அந்தச் சேவை பற்றிக் கேட்கலாம். போருக்குப் பிறகு நிறுவனங்கள் கட்டிய வீடுகளில் வாழ்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம், கன பேருக்குத் தெரியாது.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள். ‘இந்த ஊருக்கு ஒதுக்கிய நிதி எல்லாம் எங்கே’ என்று கேட்டால் பதிலும் அதே மாதிரி வழவழ என்றுதான் வரும். ‘இன்ன வருடம் இன்ன வாய்க்காலைத் திருத்திய வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த மொத்தப் பணம், வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட திகதி ஆகியவற்றின் பிரதிகள்’ என்று கேளுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், பிரதி கேளுங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள், தபாலில் போட்டால் பதிவுத் தபாலில் போட்டு துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அதனால் சிங்களத்தில் பதில் வந்தால் வெட்கப்படாமல் தமிழில் கேளுங்கள்.

இன்னொன்று, வேலை தொடங்க முதலே பிடிக்கக்கூடியது. உள்நாட்டுக் காசில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னமே அதன் விவரத்தை மக்களுக்கு, முக்கியமாகப் பாதிக்கப்படப் போகிறவர்களுக்கு, அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று இதே சட்டம் சொல்கிறது. எங்கள் ஊர்களில் டிப்பர் வந்து கொட்டும்போதுதான் திட்டமே தெரியவருகிறது. அந்த இடத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது.

சரி, கடதாசி வந்துவிட்டது, செய்தியாளரிடம் எப்படிப் போவது? எங்கள் நிலைமையையும் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். பிரதேசச் செய்தியாளர்களில் பெரும்பாலானோர் மாதச் சம்பளக்காரர் இல்லை, ஒருவரே மோட்டார் சைக்கிளில் அரை மாவட்டம் ஓடுகிறார். முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன வாக்குக் கொடுத்தார்கள், என்ன நடந்திருக்கிறது, கடதாசியில் என்ன இருக்கிறது, யாரைக் கேட்டால் தெரியும். படம் எடுக்கும்போது இடம் தெரிய வேண்டும். கோயில் கோபுரமோ மைல்கல்லோ குளத்தின் பெயர்ப்பலகையோ பின்னால் விழட்டும். வெறும் குழி எந்த ஊர்க் குழி என்று யாருக்குத் தெரியும்? அதிகாரிகளின் பதிலையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள், அந்தப் பதிலில் ஒரு திகதி வாங்கச் சொல்லுங்கள். ‘விரைவில் திருத்தப்படும்’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ‘சித்திரைக்கு முதல்’ என்று சொன்னால் சித்திரையில் திரும்பிப் போகலாம்.

இரண்டாவது செய்தி அங்கேதான் பிறக்கிறது. நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், இடது பக்கம் வாக்குறுதி, வலது பக்கம் திகதி. நீங்கள் கலண்டரில் குறித்து வைத்து அன்றைக்கு எங்களுக்கு ஒரு போன் போட்டாலே போதும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் நாளை எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நூறாவது நாள், ஐந்நூறாவது நாள் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுத வேண்டி வந்தது அவர்கள் எண்ணியதால். அவர்களுக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறக்க யாரையும் அவர்கள் விடவில்லை.

கூட்டங்களையும் விடாதீர்கள். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் கேட்பதற்குத் தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் இருந்தோம். இப்போது இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் அந்தக் கடதாசியின் போட்டோ பிரதியைக் கொடுத்து சபையில் கேட்கச் சொல்லுங்கள், கேட்கிற நாளைச் செய்தியாளருக்கு முதலே சொல்லுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கமக்காரர் அமைப்பின் மூலம் கேள்வியை எழுத்தில் அனுப்பலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்று ஊரே கேட்டது ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று அன்றைக்கே எழுதி வைத்த ஒரு ஆள் பத்துப் பேட்டிக்குச் சமன்.

பயம் பற்றியும் சொல்ல வேண்டும், அது இல்லாத மாதிரி எழுதினால் பொய். 2020 ஒக்டோபரில் மரக்கடத்தலைப் படம் எடுக்கப் போன இரண்டு செய்தியாளர்கள் முல்லைத்தீவில் தாக்கப்பட்டார்கள். காணி, காடு, மணல் என்று வந்தால் தனியாகப் போகாதீர்கள். விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் போடுங்கள், அல்லது ஒரே கேள்வியை நாலைந்து பேர் தனித்தனியே போடுங்கள். வீடியோவை ஒரு போனில் மட்டும் வைக்காமல் வெளியூரில் நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். பேஸ்புக்கில் ‘களவெடுத்துவிட்டான்’ என்று ஆளின் பெயரோடு போடாதீர்கள். இணையத்தில் போடுகிற பொய்த் தகவலுக்குத் தண்டனை சொல்கிற 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ‘மதிப்பீட்டில் 15, வீதியில் 6’ என்று மட்டும் போடுங்கள்.

அந்த அக்கா இப்போது பள்ளிக்கூடக் கிணறு கட்டிய கணக்கைக் கேட்டிருக்கிறார். பதினாலாவது வேலை நாள் வருகிற வியாழன். தபால் துண்டை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், என் கொப்பியிலும் திகதி எழுதியாகிவிட்டது.