கரண்ட் வயர்லயே நெட்ட அடுத்த ரூமுக்கு கொண்டு போறது எப்படி? (பவர்லைன் அடாப்டர்)

வீட்டோட ஒரு மூலைல ரவுட்டர், இன்னொரு மூலைல நீங்க, நடுவுல ரெண்டு மூணு கான்கிரீட் சுவர், வைஃபை அங்க வந்து சேர்றதுக்குள்ள நொண்டியடிக்குது, இதான் பிரச்சனைன்னா பவர்லைன் அடாப்டர் போட்டுப் பாக்கலாம். ஆனா ஒண்ணு, லேன் கேபிள் (ரவுட்டர்லேந்து நேரா வர்ற நெட் வயர்) இழுக்க வழி இருந்தா பேசாம அதையே இழுத்துடுங்க, இது கேபிள் இழுக்கவே முடியாதவங்களுக்கான வழி.

வேல செய்ற விதம் சிம்பிள் தான். வீட்டு கரண்ட் 50 இல்ல 60 ஹெர்ட்ஸ்ல ஓடுது, அடாப்டர் அதே வயர்ல 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இருக்குற அலைவரிசைல டேட்டாவ ஏத்தி விடுது, அந்தப் பக்கம் இருக்குற அடாப்டர் அத பிரிச்சு எடுத்துக்குது. அதனால கொறஞ்சது ரெண்டு அடாப்டர் வேணும், பெரும்பாலும் ஜோடியா தான் விப்பாங்க.

வாங்கும்போது பெட்டி மேல இருக்குற 1200, 2000 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு) எல்லாம் பாத்து மயங்காதீங்க. அது வயர்ல ரெண்டு பக்கமும் சேத்து பேப்பர்ல வர்ற கணக்கு, நெசத்துல ஒரு நேரத்துல ஒரு பக்கம் தான் டேட்டா போகும், அதுல மூணுல ஒரு பங்கு கையில கெடச்சாலே நல்ல வயரிங்னு அர்த்தம். அதவிட முக்கியம் லேன் போர்ட், அதாவது கேபிள் சொருகுற ஓட்டை, 500, 600னு போட்ட பல மாடல்ல போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ் தான், அப்புறம் அதுக்கு மேல எங்க போகும்? ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்னு எழுதிருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, அடாப்டர்ங்க பேசிக்கிற தொழில்நுட்பத்துல ஹோம்பிளக் ஏவி, ஏவி2 ஒரு குடும்பம், ஜி.எச்.என் (G.hn) வேற குடும்பம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, ஏற்கனவே ஒரு செட் இருந்து கூட ஒண்ணு சேக்குறீங்கன்னா இத கண்டிப்பா பாருங்க. மூணு பின் உள்ளதா எடுங்க, ஏவி2ல மைமோ (MIMO, ஒண்ணுக்கு மேல வயர் ஜோடில டேட்டா அனுப்புறது) இருக்குற மாடல் எர்த் வயரையும் சேத்து யூஸ் பண்ணும், எர்த் ஒழுங்கா இல்லாத வீட்ல அந்த லாபம் கெடைக்காது.

மாட்றது அஞ்சு நிமிஷ வேல. ரெண்டையும் மொதல்ல ஒரே ரூம்ல பக்கத்து பக்கத்து சாக்கெட்ல சொருகுங்க. ஒண்ணுல பேர் (Pair) பட்டன, அதாவது ரெண்டையும் ஜோடி சேக்குற பட்டன அமுக்கி விட்டுட்டு ரெண்டு நிமிஷத்துக்குள்ள இன்னொண்ணுலயும் அமுக்குங்க, எத்தன செகண்ட் அமுக்கணும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், ரொம்ப நேரம் அமுக்குனா சிலது ரீசெட் ஆயிடும், கூட வர்ற பேப்பர ஒரு தடவ பாத்துடுங்க. லைட் நின்னு எரிஞ்சா ஜோடி சேந்துடுச்சு. இப்ப ஒண்ண ரவுட்டர் பக்கத்துல சொருகி லேன் கேபிள்ல ரவுட்டரோட கனெக்ட் பண்ணுங்க, இன்னொண்ண உங்க ரூமுக்கு கொண்டு போங்க. ஃபிளாட்ல இருக்கவங்க இந்த பேர் பண்றத தள்ளிப் போடாதீங்க, ஒரே லைன் பக்கத்து வீட்டுக்கும் போச்சுன்னா சிக்னலும் போகலாம், பேர் பண்ணா தான் உங்களுக்குன்னு தனி ரகசிய கீ (பூட்டு மாதிரி) செட் ஆகும்.

இனிமே தான் உண்மையான வேல, எந்த சாக்கெட்டுங்கறது. நேரா சுவத்து சாக்கெட்ல தான் சொருகணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் கார்டு, யூபிஎஸ் எதுலயும் வேணாம், ஸ்பைக் கார்டு உள்ள இருக்குற ஃபில்டர் நம்ம சிக்னலயே குப்பைன்னு நெனச்சு அமுக்கிடும். அடுத்த ரூம் தானே, நல்லா வரும்னு நெனைப்பீங்க, ஆனா வயர் அப்படி நேரா போகாது, இந்த ரூம்லேந்து மெயின் போர்டுக்கு போய் அங்கேந்து திரும்பி அந்த ரூமுக்கு வரும், அதான் சில நேரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற சாக்கெட் சொதப்பும், தூரத்துல இருக்குறது நல்லா ஓடும். த்ரீ ஃபேஸ் வீடா இருந்தா ரெண்டு அடாப்டரும் ஒரே ஃபேஸ்ல வர்ற மாதிரி பாருங்க, வேற ஃபேஸ்னாலும் சில வீட்ல ஓடும், ஆனா பலவீனமா. ஒரு சாக்கெட் இன்வெர்ட்டர் லைன்ல, இன்னொண்ணு நேர் லைன்லன்னாலும் இதே கத தான்.

அடுத்தது இரைச்சல், அதாவது கரண்ட் வயர்ல நம்ம சிக்னல கெடுக்குற மின் குப்பை. மலிவான மொபைல் சார்ஜர், எல்இடி லைட், டிம்மர், மோட்டார் ஓடுற எதுவா இருந்தாலும் லைன்ல குப்பைய கொட்டும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: லேப்டாப்ப அடாப்டர்ல கேபிள்ல மாட்டி, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு, ரவுட்டரோட ஐபிக்கு (நெட்வொர்க்ல அதோட நம்பர் முகவரி) தொடர்ந்து பிங் (பதில் எவ்வளவு நேரத்துல வருதுன்னு காட்டுற கட்டளை) போட்டு விடுங்க. ஒவ்வொரு வரியும் சில மில்லிசெகண்ட்ல சீரா வந்துட்டு இருக்கணும். இப்ப யாரையாவது ஒவ்வொரு ஸ்விட்சா ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொல்லுங்க, எந்த ஸ்விட்ச் போட்டதும் நம்பர் எகிறுதோ, டைம்அவுட் வருதோ, அதான் குற்றவாளி. அந்த சார்ஜர வேற பக்கம் மாத்துங்க, இல்ல மேலயே ஒரு கரண்ட் சாக்கெட்டோட வர்ற பாஸ்த்ரூ அடாப்டரா இருந்தா அது மேலயே சொருகுங்க, பெரும்பாலும் அதுல ஃபில்டர் இருக்கும், ஆனா ஹீட்டர் மாதிரி கனமானதுக்கு முன்னாடி ஆம்பியர் எவ்வளவு தாங்கும்னு பாத்துக்கோங்க.

அந்தப் பக்கம் வைஃபை வேணும்னா சும்மா கெடக்குற பழைய ரவுட்டர கூட மாட்டலாம். மொதல்ல அதோட ஐபிய மெயின் ரவுட்டர் ஐபியோட மோதாத மாதிரி மாத்துங்க, டிஎச்சிபிய (மத்த டிவைஸ்களுக்கு தானா ஐபி குடுக்குற வசதி) ஆஃப் பண்ணுங்க, அப்புறம் அடாப்டர்லேந்து வர்ற கேபிள வான் (WAN, வெளி நெட் வர்ற) போர்ட்ல இல்லாம லேன் போர்ட்ல சொருகுங்க, முடிஞ்சுது.

போன் லைன்ல வர்ற விடிஎஸ்எல் நெட் வச்சிருக்கவங்க மட்டும் கொஞ்சம் உஷார், ரெண்டும் ஒரே அலைவரிசைப் பகுதிய யூஸ் பண்றதால அடாப்டர் போட்டப்புறம் மோடத்துல நெட் அடிக்கடி கட் ஆக ஆரம்பிச்சுதுன்னா, மோடத்தையும் போன் வயரையும் கரண்ட் வயர்லேந்து தள்ளி வச்சுப் பாருங்க, அப்பவும் சரியாகலன்னா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள அடாப்டர திருப்பிக் குடுத்துடுங்க.